பச்சை வேலி: வீட்டுக்கும் கிடங்குக்கும் ஏற்ற செடி எது?

துவரம்பருப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே அது எந்த ஊர்ச் சரக்கு, எவ்வளவு ஈரம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுகிற வணிகர்கள் நம்மில் பலர். மிளகாயை முகர்ந்து பார்த்து விலை பேசுகிறோம். சாக்கின் அடிமூட்டையில் கை விட்டுப் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை. ஆனால் வீட்டைச் சுற்றி வைக்கிற வேலிச் செடி என்று வந்துவிட்டால், நர்சரிக்காரர் "இதுதான் சார் சீக்கிரம் வளரும்" என்று சொன்னதை அப்படியே வாங்கி வந்து நட்டுவிடுகிறோம். சரக்கு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். மூன்று ஆண்டு வளர்ந்த செடியைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று இந்தச் செய்திகளைத் தொகுத்துத் தருகிறோம்.

மறைப்பு ஏன் தேவைப்படுகிறது

திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் ஒரு காலத்தில் வயலும் தோப்பும் ஏரியுமாக இருந்தது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். இன்று மனைப்பிரிவுகள் வந்து, அரை கிரவுண்டு மனையில் மூன்று மாடி எழும்புகிறது. பக்கத்து அடுக்குமாடியின் பால்கனியில் நின்றால் நம் வீட்டுக் கிணற்றடி, துணி உலர்த்தும் இடம் எல்லாம் தெரியும்.

வணிகர் வீடுகளில் இந்தச் சிரமம் இரட்டிப்பு. கீழே கடை, மேலே வீடு. அல்லது முன்னால் கிடங்கு, பின்னால் வீடு. காலை முதல் இரவு வரை டெம்போ வரும், சுமைதூக்கும் தொழிலாளர் வருவர், வசூலுக்கு ஆள் வருவார். இவர்கள் அனைவரும் நம் தொழிலுக்கு வேண்டியவர்கள்தான். ஆனாலும் வீட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்று ஒரு காற்று வாங்க முடிவதில்லை. ஆகவே ஒரு மறைப்பு வேண்டும் என்று நினைப்பது நியாயமே.

இதற்குப் பெரும்பாலோர் செய்வது மூன்று. மதிற்சுவரை மேலும் நான்கு அடி உயர்த்துவது. சுவர்மேல் தகரம் அடிப்பது. பச்சை வலைத்துணி கட்டுவது. வலைத்துணி இரண்டு கோடையில் நைந்து கிழியும். தகரம் வெயிலில் காய்ந்து அனலை வீட்டுக்குள் தள்ளும். புயலில் பெயர்ந்து பறக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பறந்த தகரங்களை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சுவரை உயர்த்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

உயர்ந்த சுவர் தந்த பாடம்

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, செங்குன்றத்தை அடுத்த உப்பரபாளையத்தில், 2014 ஜூலை 6-ஆம் தேதி ஒரு கிடங்கின் உயரமான மதிற்சுவர் மழையில் இடிந்து, அதன் ஓரத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த 11 தொழிலாளர்கள் இறந்தனர். பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், ஒரு வீட்டைச் சுற்றி எழுப்பப்பட்ட ஏறத்தாழ 20 அடி மதிற்சுவர் பக்கத்திலிருந்த ஏழைகளின் ஓட்டு வீடுகள்மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். ஒன்று சரக்கைக் காக்க எழுப்பிய சுவர். மற்றொன்று வீட்டை மறைக்க எழுப்பிய சுவர். இரண்டிலும் செத்தவர்கள் சுவருக்கு வெளியே இருந்தவர்கள்.

சுவர் ஏன் விழுகிறது என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரிந்த விஷயம். ஐந்தடிச் சுவருக்குப் போட்ட அடித்தளத்தின்மேல் பத்தடி ஏற்றுகிறோம். மழைக்காலத்தில் ஒரு பக்கம் மண்ணும் நீரும் நிறைந்து சுவரைத் தள்ளும். நீர் வெளியேறச் சுவரில் துளை விட்டிருக்க மாட்டோம். அடிமண் ஊறி இளகியவுடன் சுவர் முழுதாகச் சாய்கிறது. நம் பகுதியில் கூவம் பக்கத்திலேயே ஓடுகிறது, ஏரிகளும் உள்ளன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் சூழ்ந்ததை மறக்க முடியாது. நீர் போகிற வழியைச் சுவரால் அடைத்தால், ஒன்று சுவர் விழும்; அல்லது நீர் அடுத்தவர் வீட்டுக்குள் போகும்.

செடிவேலி இப்படிச் செய்யாது. நீர் அதன் அடியில் புகுந்து போகும். காற்று இலைகளுக்கிடையே வடிந்து போகும். அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். எனவே நாம் சொல்லும் யோசனை இதுதான்: பாதுகாப்புக்கு, முறையான அடித்தளத்துடன் நான்கு அல்லது ஐந்து அடிச் சுவர் போதும். அதற்குமேல் வேண்டிய மறைப்பைச் செடியிடம் விட்டுவிட வேண்டும்.

நம் ஊரின் பெயரே வேலி மரத்தின் பெயர்

திருவேற்காடு என்றால் வேல மரக் காடு. நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று இறைவனைத் தொழுதன என்பது வேதபுரீசுவரர் கோயிலின் தலபுராணம். தலமரமும் வெள்வேலம். கருமாரியம்மனைத் தரிசிக்க வருகிற பல்லாயிரம் பக்தர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரின் பொருளை நினைக்கிறார்களோ தெரியாது. ஆனால் வேலமரம் நம் நாட்டில் வேலிக்கு முதல் மரம். வெட்டிப் போட்டால் முள்வேலி. நட்டு வளர்த்தால் உயிர்வேலி.

கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கம் போனவர்கள் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்திருப்பார்கள். முள்கிளுவையைச் சுற்றிலும் நட்டு, அதனுள் காங்கேயம் மாடுகளை விட்டுவிடுவார்கள். மேய்ப்பவர் இல்லாமலே மாடு உள்ளே நிற்கும். கம்பியும் இல்லை, கல்லும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்த வேலி நிற்கிறது.

உப்பை மறித்த வேலி

வேலியைப் பற்றிப் பேசும்போது, மளிகை வணிகர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. உப்புக்காகவே வெள்ளைக்காரர்கள் வட இந்தியாவில் ஒரு செடிவேலி வளர்த்தார்கள். வங்காள மாகாணத்தில் உப்பு வரி மிக அதிகம். பக்கத்துச் சமஸ்தானங்களிலும் மற்ற மாகாணங்களிலும் குறைவு. விலை வித்தியாசம் இருந்தால் சரக்கு தானாக நகரும் என்பது வணிகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நகர்வைத் தடுக்க, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் நீளத்துக்கு ஒரு சுங்க எல்லையை வகுத்து, ஏறத்தாழ 12,000 பேரைக் காவல் வைத்தனர். சர்க்கரைக்கும் அங்கே தீர்வை வாங்கினர்.

முதலில் காய்ந்த முள்ளை அடுக்கிப் பார்த்தார்கள். கரையான் தின்றது, தீப்பிடித்தது, காற்றில் பறந்தது. ஆண்டுதோறும் புதிதாக வெட்டிப் போட வேண்டியிருந்தது. 1867 முதல் 1870 வரை அந்தச் சுங்கத்துறைக்கு ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் உயிர்வேலியே மேல் என்று அதில் முனைந்தார். 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான் இவர். எல்லா மண்ணுக்கும் ஒரே செடி ஒத்துவராது என்று கண்டு, அந்தந்த இடத்துக்கு ஏற்ப இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி, மற்றக் கள்ளி வகைகள் என்று மாற்றி மாற்றி நட்டார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி எட்டடி முதல் பன்னிரண்டடி உயரமும், அதற்கேற்ற பருமனுமாக, மனிதன் நுழைய முடியாமல் நின்றது.

பின் என்ன ஆயிற்று? சென்னை, பம்பாய் மாகாணங்களில் உப்பு வரியை ஏற்றி, வங்காளத்தில் குறைத்து, ஏறக்குறைய சமமாக்கினார்கள். விலை வித்தியாசம் போனதும் கடத்தலில் லாபம் இல்லை. 1879-ல் அந்தச் சுங்க எல்லையைக் கைவிட்டார்கள். வேலி அழிந்து, அதன் நினைவும் அழிந்தது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் தேடி வந்து ஆராய்ந்து 2001-ல் புத்தகமாக எழுதிய பிறகே பலரும் அறிந்தார்கள். 'உப்பு வேலி' என்ற பெயரில் அது தமிழிலும் வந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டபோது, லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை அறிந்த நமக்கு இந்த வரலாற்றின் அருமை புரியும்.

நமக்கு இதில் இரண்டு செய்திகள் உள்ளன. செடிவேலி வேண்டுமானால் மண்ணைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவனுக்கு வேண்டிய உப்பை அவனிடமிருந்து மறைக்கும் வேலி நிலைக்காது என்பது மற்றொன்று.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

நர்சரிக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்வது நல்லது.

1. எவ்வளவு உயரம் மறைய வேண்டும்? தெருவில் போகிறவர் பார்வைக்கு ஆறடி போதும். பக்கத்து மாடியின் பார்வைக்குப் பன்னிரண்டடியாவது வேண்டும். இரண்டுக்கும் செடி வேறு.

2. எவ்வளவு அகலம் விட முடியும்? மூன்றடி இடம் உள்ள இடத்தில் ஆறடி படர்கிற செடியை வைத்தால் நடைபாதை போய்விடும்.

3. வெயில் எப்படி? கிழக்கும் மேற்கும் திறந்த இடமா, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிழல் விழும் சந்தா?

4. மழைநீர் தேங்குமா? தேங்கினால் எத்தனை நாள்?

5. யார் கத்தரிப்பது? வீட்டில் ஆள் இல்லை என்றால் வேகமாக வளர்கிற செடியை வைக்கக்கூடாது. வேகமாக வளர்கிற செடி வேகமாக வேலையும் வைக்கும்.

இவற்றோடு ஆடு, மாடு நடமாட்டம், சிறு குழந்தைகள், மேலே போகும் மின்கம்பி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்ற செடிகள்

மருதாணி: ஆறடி மறைப்புக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். குச்சியை ஒடித்து நட்டாலும் பிழைக்கும். வெயில் தாங்கும். தண்ணீர் கிடைத்தால் ஆண்டு முழுதும் பச்சை. கடும் வறட்சியில் மட்டும் கொஞ்சம் இலை கொட்டும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும். முற்றிய கிளையில் முள்ளும் உண்டு. இலை வீட்டுக்கும் ஆகும். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் ஊரே மருதாணி வியாபாரத்தில் பேர் பெற்று, 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கியது நம்மவர்கள் அறிந்ததே.

களா: உப்பு வேலியில் இருந்த அதே களா. எப்போதும் பச்சை, கெட்டியான இலை, கூரிய முள். ஆளும் நுழைய முடியாது, ஆடும் நுழையாது. வறட்சி தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது. வளர்வது மெதுவாகத்தான், மூன்று, நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். காய் ஊறுகாய்க்கு ஆகும். கிடங்கின் பின்புறத்துக்கு மிகப் பொருத்தம். குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

ஆடாதொடை: பெயரிலேயே குணம் இருக்கிறது, ஆடு தொடாது. தெருவில் ஆடும் மாடும் திரியும் பகுதிகளில் மற்றச் செடியெல்லாம் முளைக்குமுன் மேய்ச்சலாகிவிடும். இது மட்டும் நிற்கும். ஐந்தாறடி வளரும். குச்சி நட்டாலே போதும். இருமலுக்கு இலை ஆகும் என்பது பாட்டிமார் அறிந்தது.

நொச்சி: கூவம் ஓரத்து ஈர மண்ணுக்கு ஏற்றது. நீர் ஓரத்தில் தானே வளரும் செடியாதலால் மழைக்கால ஈரத்துக்குப் பயப்படாது. கோடையில் சிறிது இலை உதிரும். கொசுவுக்கு நொச்சிப் புகை போடுவது நம் வழக்கம். இன்னொரு பயனும் உண்டு: காய்ந்த நொச்சியிலையையும் வேப்பிலையையும் தானியத்தோடு போட்டு வைத்தால் வண்டு அண்டாது என்பது கிராமத்தில் குதிர் வைத்திருந்தவர்கள் கைகண்ட முறை. வேலியிலேயே இந்தச் சரக்கு கிடைக்கிறது.

நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி: வீட்டு முகப்புக்கு அழகு, பூஜைக்குப் பூ. மூன்றும் பசுமை மாறாதவை. நந்தியாவட்டை அரை நிழலிலும் வரும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வருவது ஒன்றே குறை. 2008-ல் தமிழகத்தில் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியை 2010-ல் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. இலைக்கடியில் வெள்ளையாகக் கண்டவுடன் அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட வேண்டும்.

நெட்டிலிங்கம்: பலர் அசோக மரம் என்று தவறாகச் சொல்வது இதைத்தான். கிளைகள் கீழ்நோக்கித் தொங்கும் குறுகிய வகையே வேலிக்கு உகந்தது. இரண்டடி அகலத்தில் நெடுக வளர்ந்து பக்கத்து மாடியை மறைக்கும். மின்கம்பிக்குக் கீழே மட்டும் வைக்கக்கூடாது. வளர விட்டுவிட்டால் முப்பது அடிக்கு மேலும் போகும், புயலில் ஆடும். பன்னிரண்டு, பதினைந்து அடியில் நுனியை வெட்டி நிறுத்திக்கொள்வது நல்லது.

மூங்கில்: புதராக ஓரிடத்தில் நிற்கும் சிறு வேலி மூங்கில் நல்ல மறைப்பு. பெரிய மஞ்சள் மூங்கில் அழகாக இருந்தாலும் அரை கிரவுண்டு மனைக்கு ஆகாது. தனியார் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்ட இருந்த வனச்சட்டத் தொல்லை, 2017-ல் மூங்கிலை மரப் பட்டியலிலிருந்து எடுத்ததால் நீங்கிவிட்டது.

கிளுவையைப் பற்றி ஒரு வார்த்தை. காவலுக்கு அதைப்போல் இல்லை. ஆனால் கோடையில் இலையை உதிர்த்துவிடும். மறைப்பு வேண்டுகிற வீட்டுக்கு அது போதாது. தோப்புக்கும் காலி மனைக்கும் வைக்கலாம்.

தவிர்க்க வேண்டியவை

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நம் நாட்டில் வேலிக்கென்று வந்து வினையான செடிகள் பல. உன்னிச்செடி பூவின் அழகுக்காகவும் வேலிக்காகவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று முதுமலை வரை காட்டை மூடியிருக்கிறது. சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான். சாயப்பூச்சி வளர்ப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் சைதாப்பேட்டையிலேயே டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டார். வேலியாகவும் பரவிய கள்ளி வகைகள் பிறகு நிலங்களை அடைத்துக்கொண்டன. கடைசியில் 1920-களில் இலங்கை வழியாக ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்க முடிந்தது. சீமைக் கருவேலத்தை அகற்ற 2017-ல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2022-ல் தமிழக அரசு அந்நியச் செடிகளை ஒழிக்கத் தனிக் கொள்கை வகுத்ததும் நாம் அறிந்தவை.

இன்றைக்கு நர்சரிகளில் வேகமாக விலைபோகிற கோனோகார்பஸ் என்ற செடியும் இந்த வரிசையில் சேரக்கூடியது. ஆறு மாதத்தில் சுவர்போல் எழும் என்று சொல்லி விற்கிறார்கள்; அது உண்மைதான். ஆனால் அதன் வேர் குழாயையும் வடிகாலையும் தேடிப் போகிறது என்றும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை வருகிறது என்றும் புகார் எழுந்து, குஜராத் அரசு 2023-ல் அதை நடவே தடை விதித்தது. கழிவுநீர்த் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் பத்தடிக்குள் இருக்கிற நம் மனைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அரளி நெடுஞ்சாலை நடுவே வைக்கிற செடி. பசுமை மாறாது, பூ அழகு. ஆனால் இலை முதல் வேர் வரை நஞ்சு. கேரளத்தில் 2024 மே மாதம் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்ப்பதை நிறுத்தின. பொன்னரளியின் கொட்டை இன்னும் கொடியது. குழந்தைகள் உள்ள வீட்டிலும், தின்பண்டம் விற்கிற கடை ஓரத்திலும் இவை இரண்டும் கூடாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கண் புண்ணாகும். அதையும் ஆள் நடமாடும் பக்கம் வைக்க வேண்டாம்.

கன்று வாங்குவதும் நடுவதும்

சென்னை நர்சரிகளில் விற்கிற கன்றுகளில் பெரும்பகுதி ஆந்திராவில் ராஜமகேந்திரவரம் அருகே உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. அது செடிகளுக்கு ஒரு கோயம்பேடு. ஆகவே லாரியிலிருந்து இறங்கிய அன்றே வாங்காமல், நம் ஊர் வெயிலில் பதினைந்து நாளாவது நின்று தேறிய கன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். உயரத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. ஆறடி உயரத்தில் அடியில் கிளையில்லாமல் நிற்கும் கன்றைவிட, இரண்டடி உயரத்தில் அடியிலிருந்தே கிளைத்த கன்று மேல். பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் அது பழைய சரக்கு.

எண்ணிக்கைக் கணக்கு எளிது. 60 அடி நீளத்துக்கு நெட்டிலிங்கம் நான்கடிக்கு ஒன்றாக 16 கன்று; களா மூன்றடிக்கு ஒன்றாக 21; மருதாணி ஓரடிக்கு ஒன்றாக 61, இரட்டை வரிசையில் மாற்றி மாற்றி நட்டால் ஏறத்தாழ 120. ஆனால் மருதாணியும் ஆடாதொடையும் குச்சியிலேயே வரும் என்பதால், கன்றுக்குப் பணம் தராமலே வேலி போடலாம். பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கி வைத்தால் இடையில் செத்த இடத்தை நிரப்ப உதவும்.

நம் பகுதிக்கு ஆடிக் கடைசி முதல் ஆவணி வரை நடுவது நல்லது. மாலை மழையில் வேர் பிடித்துக்கொண்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாங்கும். அடைமழையில் நட்ட கன்று அழுகும். சித்திரையில் நட்ட கன்று கருகும். மனைகளில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். அதில் ஒன்றரை அடி குழி வெட்டி, கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் அள்ளி வெளியே போட்டு, செம்மண், மக்கிய தொழு உரம், ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்ப வேண்டும். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் தவறக்கூடாது.

வேலி அமைவது கத்தரியில்தான். செடி ஓரடி வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். "இப்போதுதானே வளர்கிறது" என்று மனம் வராமல் விட்டால், மேலே குடைபோல் விரிந்து அடியில் கால் தெரியும் வேலிதான் கிடைக்கும். எப்போதும் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் வெட்டினால் அடி இலைக்கும் வெயில் கிடைக்கும். புரட்டாசியில் ஒருமுறை வெட்டிக் காற்றுப் பாரத்தைக் குறைத்துவிட வேண்டும். பொங்கல் கழிந்து ஒருமுறை வெட்டலாம். வெட்டுமுன் தையல்சிட்டு, கொண்டைக்குருவி கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒரு மாதம் விட்டுவைப்பது தருமம்.

கிடங்குக்குத் தனிக் கவனம்

உணவுச் சரக்கு வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அடர்ந்த செடி மனிதன் கண்ணுக்கு மறைப்பு என்றால் எலிக்கும் பாம்புக்கும் அதுவே மறைப்பு. கிடங்குச் சுவரை ஒட்டி எந்தச் செடியும் வேண்டாம். சுவருக்கும் வேலிக்கும் இடையே மூன்றடியாவது வெறும் தரையாக, சிமெண்டு போட்டோ சரளை கொட்டியோ வைத்திருக்க வேண்டும். வேலியின் அடியில் ஓரடிவரை கிளைகளை நீக்கி, மறுபக்கம் தெரிகிற மாதிரி விட்டால் எலி வளை தோண்டுவது உடனே தெரியும். சிந்திய தானியத்தை அன்றன்றே பெருக்க வேண்டும். கிடங்கின் ஜன்னல், தீயணைப்புக் குழாய், லாரி திரும்பும் மூலை ஆகிய இடங்களைச் செடி மறைக்கக்கூடாது. கடையின் முகப்பில் இடுப்பளவுக்கு மேல் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் கண்ணில் படாத கடை பூட்டிய கடைக்குச் சமம்.

பக்கத்து வீட்டுக்காரர்

வேலித் தகராறில் ஆரம்பித்து நீதிமன்றப் படியேறி, மனையின் விலையைவிட அதிகமாகச் செலவழித்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எல்லைக் கோட்டின்மேலேயே நடாமல் இரண்டடி உள்ளே தள்ளி நட்டால் இதில் பாதி வராது. சர்வே கல்லைச் செடி மூடக்கூடாது. அந்தப் பக்கம் நீட்டிய கிளையை அவர் சொல்லுமுன் நாமே வெட்ட வேண்டும். அவர்கள் மாடியிலிருந்து நம் வீடு தெரிகிறது என்றால், நம் வீட்டிலிருந்தும் அவர்கள் வீடு தெரிகிறது. ஆகவே நடுமுன் போய், "இங்கே ஒரு வேலி வைக்கலாம் என்று இருக்கிறோம், உங்களுக்கும் மறைப்பாக இருக்கும், எது வைக்கலாம் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டால், பல இடங்களில் அவர்களே ஒரு பாதிச் செலவை ஏற்கிறார்கள். நந்தியாவட்டைப் பூவை அந்தப் பக்கத்து அம்மா பறித்துக்கொள்ளலாம். மருதாணி இலையை ஆடி மாதம் இரு வீட்டுப் பெண்களும் அரைத்துக்கொள்ளலாம். பத்தடிச் சுவரில் இந்த வசதி இல்லை.

இந்த ஆண்டு மழைக்கு முன்பே அன்பர்கள் ஒருமுறை தங்கள் வீட்டு, கிடங்கு மதிற்சுவர்களைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சாய்ந்திருக்கிறதா, விரிசல் உண்டா, நீர் வெளியேறத் துளை உண்டா, சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது குடியிருக்கிறார்களா, படுத்துறங்குகிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மேல்கட்டை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மருதாணிக் குச்சிகளை நட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டில் மறைப்பு வந்துவிடும்.